சோதனை உரிமத்தில் கம்பெனி சர்வரை ஓட்டலாமா?

கேள்வி: மண்டபம், பாம்பன் பக்கம் இரண்டு மீன் கம்பெனிக்கும் ஒரு ஐஸ் கம்பெனிக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ஐடி ஆட்களுக்கென்று சலுகை விலையில் வரும் சோதனைச் சந்தாவின் விண்டோஸ் சர்வர் கீ (மென்பொருளை இயக்கும் உரிமக் குறியீடு) தன்னிடம் இருப்பதாகவும், அதைக் கம்பெனியிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? வளைகுடா வேலைக்கு முயற்சி செய்வதால் வீட்டில் பழகவும் வழி வேண்டும்.

பதில்: வாங்காதீர்கள் தம்பி. சோதனைச் சந்தா, பழகுவதற்கும் ஒரு மென்பொருள் நமக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கும் தரப்படும் உரிமம். பில் போடுவதும் ஏற்றுமதிக் கணக்கு வைப்பதும் அதில் அடங்காது. சந்தா யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கீ செல்லாது. விற்கும் உரிமை அவருக்கும் கிடையாது. நாளை அது முடக்கப்பட்டால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மைக்ரோசாஃப்ட் முன்பு டெக்நெட் என்று இப்படியொரு ஆண்டுச் சந்தா விற்றது. அதன் கீகளுக்குக் காலாவதி இல்லை. 2013 ஆகஸ்ட் 31-உடன் அந்த விற்பனை நின்றுவிட்டது. இப்போது அவர்களின் எவாலுவேஷன் சென்டர் தளத்திலேயே விண்டோஸ் சர்வர் 180 நாளுக்கும், விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 90 நாளுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதற்கு இன்னொருவரிடம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அந்த 180 நாள் பதிப்பையே கம்பெனியில் போட்டு ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். நிறுவிய 10 நாளுக்குள் இணையம் வழியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும். 180 நாள் கெடு முடிந்தால் சர்வர் மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-இல் ஓய்வாக இருக்கிறதே என்று நிறுவினால், கெடு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வந்து நிற்கும். கடலுக்குப் போன விசைப்படகுகள் கரைக்கு வந்து சரக்கு இறங்கும்போது பில் போட முடியாமல் நிற்க நேரும்.

பிறகு கீ வாங்கி மாற்றிக்கொள்ளலாமே என்றால், ஸ்டாண்டர்டு சோதனைப் பதிப்பை டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளையால் முழுப் பதிப்பாக்கலாம், உண்மைதான். ஆனால் அதே சர்வரை டொமைன் கன்ட்ரோலர் (கம்பெனிக் கணினிகளின் லாகின் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்) ஆக்கியிருந்தால் நேரே மாற்ற முடியாது. இன்னொரு சர்வரை டொமைன் கன்ட்ரோலராக்கி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை அந்த வேலையிலிருந்து இறக்கிய பிறகுதான் மாற்ற முடியும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உங்கள் கம்பெனிகளுக்கு விண்டோஸ் சர்வர் தேவையா என்பதையே முதலில் கேளுங்கள். நாலைந்து கம்ப்யூட்டரில் டேலி ஓட்டவும் ஃபைல் பகிரவும் விண்டோஸ் ப்ரோ போதும். 20 இணைப்பு வரை அது தாங்கும். தரவுத்தளம் வேண்டுமென்றால் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபி வரை வளரலாம். ஐஸ் கம்பெனிக் கணக்குக்கு அது தாராளம். எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பும் இலவசம்தான், ஆனால் அதைத் தொழிலில் ஓட்டக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் பழகுவதற்குத்தான் சோதனைப் பதிப்பு சரியான இடம். அங்கே தாராளமாக எடுங்கள். உப்புக்காற்று புகும் வீட்டில் பழைய சர்வர் பெட்டியை வாங்கிப் போடாதீர்கள். 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப் போதும். அதில் ஹைப்பர்-வி (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விண்டோஸ் வசதி) போட்டு ஒரு டொமைன் கன்ட்ரோலர், ஒரு ஃபைல் சர்வர், ஒரு விண்டோஸ் 11 என்று மூன்று மெய்நிகர் கணினி ஓட்டலாம். லினக்ஸ் இயங்குதளம் பழக ரெட் ஹேட் நிறுவனம் தனிநபருக்கு 16 கணினி வரை இலவசச் சந்தா தருகிறது. சோதனைப் பதிப்பின் கெடு முடிந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். வேலைக்கான நேர்முகத்தில் கேட்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டும் வேலையைத்தான்.