வயதானவர்கள் கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். கார்பனேட்டில் 40 சதவீதம், கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வகையில் 21 சதவீதம்தான் கால்சியம். 1250 என்ற எண்ணைப் பார்த்து அன்றைய தேவை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

50 வயது தாண்டிய பெண்களுக்கும் 70 தாண்டிய ஆண்களுக்கும் நாளொன்றுக்கு 1200 மி.கி. என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. இது சாப்பாட்டில் வருவதையும் சேர்த்த கணக்கு! 200 மி.லி. பாலில் மட்டுமே ஏறக்குறைய 240 மி.கி. இருக்கிறது. உணவில் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பார்த்து, குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள். கூடுதலாகப் போட்டால் எலும்பு கூடுதலாக உறுதியாகாது. மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும்தான் வரும். ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் விகிதமும் குறையும். அதனால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், எனவே சாப்பாட்டோடு போட வேண்டும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை நெடுநாளாகப் போடுபவர்களுக்கு சிட்ரேட்தான் பொருத்தம். அதை வெறும் வயிற்றிலும் போடலாம்.

பலர் தவறுவது இடைவெளியில். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் அந்த மாத்திரையில் உள்ள தைராக்ஸின் குடலிலேயே சிக்கிக்கொள்ளும், தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்எச் ஏன் இறங்கவில்லை என்று தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இரும்புச்சத்து மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் (கிருமிக்கொல்லி), அலென்ட்ரோனேட் (எலும்புத் தேய்வு மருந்து) ஆகியவற்றையும் கால்சியத்தோடு சேர்த்துப் போடக் கூடாது.

வைட்டமின் டி 70 வயதுக்கு மேல் தினம் 800 யூனிட். கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் நன்றாகச் சேரும். எனக்கு மிகவும் கவலை தருவது 60,000 யூனிட் மாத்திரைதான். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை தினம் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம் என்று ஆரம்பித்து சிறுநீரகம் வரை பாதிக்கும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்களுக்கு இந்த இரண்டு மட்டும் போதாது; எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, எலும்புத் தேய்வுக்கான மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.