பத்தூர் எரிமலைக்குத் தாயாரை அழைத்துச் செல்வது குறித்து

வணக்கம். இராயக்கோட்டை மலையைச் சிரமமின்றி ஏறிவிடும் உங்கள் 60 வயதுத் தாயார், பாலித் தீவின் பத்தூர் எரிமலையில் சூரிய உதயம் காண ஏற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 1,717 மீட்டர் உயரமுள்ள அம்மலையில், வழிகாட்டியுடன் அதிகாலை 4 மணியளவில் புறப்பட்டால் சுமார் 2 மணி நேரத்தில் உச்சியை அடைந்துவிடலாம் என்பதால், ஏற்றத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இறக்கம்தான் கவலை தருகிறது. நம் ஊர்ப் பாறையில் கால் ஊன்றி நிற்கும். அங்கோ எரிமலைச் சரளை காலடியில் உருண்டு முழங்காலை வாட்டிவிடும். ஆகவே இப்போதிருந்தே வாரம் இருமுறை இராயக்கோட்டையில் நிதானமாக இறங்கிப் பழகச் சொல்லுங்கள். பிடிப்புள்ள காலணியும் ஊன்றுகோலும் கட்டாயம் வேண்டும்; உச்சியில் விடியும் வரை காத்திருக்கும்போது குளிரும், ஆதலால் ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால், ஜீப்பில் மலைச்சரிவு வரை சென்று, மலையடியிலுள்ள பத்தூர் ஏரிக்கு மேல் கதிரவன் எழுவதைக் காணும் ஏற்பாடும் அங்கே உண்டு. அப்படி வலி இருந்தால் அம்மாவுக்கு அதையே பரிந்துரைப்பேன்.