வீட்டிலேயே பைக் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கிறேன். கலர் வரை முடிந்துவிட்டது. லைன், ஸ்டிக்கர், கிளியர் கோட், பாலிஷ் எல்லாம் எந்த வரிசையில் செய்வது? போன முறை மூடியைச் சுற்றிப் பெயின்ட் உரிந்துவிட்டது.

கடைசியாகச் சொன்னீர்களே, மூடியைச் சுற்றி உரிந்தது என்று, அதிலிருந்தே தொடங்குகிறேன். என் முதல் டேங்கும் அதே இடத்தில்தான் போனது. சாதாரண ஸ்ப்ரே கேன் கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) அடித்து, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்கி, நாலு பேரிடம் காட்டிவிட்டுப் பெட்ரோல் போடப் போனேன். பம்ப் முனையிலிருந்து ரெண்டு சொட்டு வழிந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். கலரும் சேர்ந்து வந்தது.

காரணம் எளிமையானது. ஹார்டனர், அதாவது பூச்சை இறுக வைக்கும் திரவம், கலக்காத கிளியர் தின்னர் ஆவியாகித்தான் காய்கிறது. காய்ந்த பிறகும் பெட்ரோல் பட்டால் இளகிவிடும். ஹார்டனர் சேர்த்த கிளியர், அதாவது டூகே என்பார்களே அது, வேதிவினையால் இறுகுவது. முழுதாக இறுகிய பிறகு பெட்ரோல் சொட்டைத் தாங்கும். ஸ்ப்ரே கேனிலேயே டூகே கிடைக்கிறது. அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலந்துவிடும். அழுத்திவிட்டால் அதன் பிறகு எடுத்து வைக்க முடியாது, கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும்.

ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. துணி முகமூடி அதற்கு ஒன்றும் செய்யாது. நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். தொழில்முறைப் பெயின்டர்கள் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி போடுவது சும்மா இல்லை. அந்த வசதி உங்களிடம் இல்லையென்றால் கிளியரை மட்டும் பெயின்ட் பூத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாமே நீங்கள் செய்ததுதானே, இதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. நான் இரண்டாவது டேங்கை அப்படித்தான் முடித்தேன்.

அடுத்தது மூடி வாயில் மாஸ்கிங் டேப் எங்கே முடிகிறது என்பது. பலர் வாயின் மேல் விளிம்பில் ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் பெயின்டின் ஓரம் திறந்தபடி நிற்கும். வழியும் பெட்ரோல் அந்த ஓரத்துக்கு அடியில் நுழைந்து மெல்ல உரித்துவிடும். டேப்பை வாயின் உட்பக்கமாக இறக்கி ஒட்டுங்கள். மூடியின் ரப்பர் வாஷர் எங்கே உட்காருகிறதோ அதையும் தாண்டிப் பெயின்ட் உள்ளே போக வேண்டும். டேங்கோடு மட்டமாக உட்காரும் மூடி என்றால், அந்தக் குழியில் மழைத் தண்ணீர் வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அதைப் பட்டியோ (பள்ளம் நிரப்பும் பசை) கிளியரோ அடைத்துவிடாமல் பாருங்கள். மூடி ஸ்க்ரூவின் துளைகளில் பழைய ஸ்க்ரூக்களைத் திருகி வைத்துவிட்டால் மரையில் பெயின்ட் ஏறாது.

டேங்கைக் காலி செய்துதான் வைத்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: காலி டேங்கில் பெட்ரோல் ஆவி நிற்கும், நிரம்பிய டேங்கை விட அது ஆபத்து. சோப்புத் தண்ணீரால் அலசிக் காயவிட்ட பிறகும், பக்கத்தில் ஹீட் கன், கிரைண்டர் எதுவும் வேண்டாம்.

சரி, லைன். சாதாரண மாஸ்கிங் டேப்பில் வளைவு வராது, ஓரத்தில் கலரும் கசியும். 3 மி.மீ. அகலத்தில் பிளாஸ்டிக் லைன் டேப் வருகிறது, அது நன்றாக வளையும். ஒட்டியதும் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, புதுக் கலருக்கு முன் அடியில் இருக்கும் கலரையே ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். கசிவதாக இருந்தால் அதே கலர்தான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் லைன் கலர். அது முழுதாகக் காய்வதற்கு முன்பே, டேப்பை அதன் மேலேயே மடித்த மாதிரி பின்பக்கமாகத் தாழ்வாக இழுத்து எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பல் பல்லாகக் கிழியும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர, ஒரு பக்கத்து லைனைக் காகிதத்தில் வெட்டி, திருப்பி மறுபக்கம் வைப்பது வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன், ஆனாலும் கோணலாகத் தெரிந்தது. ஒடுக்கு எடுத்துப் பட்டி போட்ட டேங்கில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருப்பதில்லை. கடைசியில் நாலடி தள்ளி நேர் எதிரில் நின்று கண்ணால் பார்த்துச் சரிசெய்தேன். ஸ்கேலை விடக் கண்ணை நம்புங்கள்.

ஸ்டிக்கரைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, அடியில் உள்ள தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மிச்சம் ஈரம் இருந்தால் கிளியருக்கு அடியில் கொப்புளமாக நிற்கும். முதல் கிளியர் கோட்டுகள் லேசாகத் தூவின மாதிரிதான் இருக்க வேண்டும். ஈரமாக அடித்தால் ஸ்டிக்கர் சுருங்கிவிடும். நன்றாக இறுகிய பின் 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஸ்டிக்கரின் ஓர மேட்டை மட்டும் தேய்த்து மட்டமாக்கி, மறுபடி கிளியர். விரலால் தடவினால் ஓரம் தட்டக் கூடாது. உங்களுடையது பிளாஸ்டிக் டேங்க் என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். பிளாஸ்டிக் வழியாகப் பெட்ரோல் ஆவி கசிந்து எப்படியும் ஸ்டிக்கரைக் கொப்புளிக்க வைக்கும்.

பாலிஷ்தான் கை பரபரக்கும் கட்டம். கிளியர் அடித்து ஒரு நாளாவது போகட்டும். 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரை மாற்றிக்கொண்டே போங்கள், வாளித் தண்ணீரில் ரெண்டு சொட்டு சோப்பு விட்டுக்கொண்டு. அவ்வப்போது தண்ணீரை ரப்பர் துண்டால் வழித்துப் பாருங்கள். மங்கலுக்கு நடுவே பளபளப்பாகத் தெரியும் புள்ளிகள் எல்லாம் இன்னும் பள்ளமாக இருக்கும் இடங்கள். டேங்கின் மடிப்பு முனைகளில் மட்டும் முதலிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். முனையில் கிளியர் எப்போதுமே மெல்லிசாகத்தான் நிற்கும், நாலு தேய்ப்பில் கலர் தெரிந்துவிடும். கடைசியில் காம்பவுண்ட், அதாவது பளபளப்பு ஏற்றும் பசை. நான் அதைப் போடும் மெஷினை ஒரு முனையில் ஒரு நொடி அதிகம் வைத்தேன், வெள்ளைப் பிரைமர் எட்டிப் பார்த்தது. இப்போது முனைகளை எல்லாம் கையால்தான் தேய்க்கிறேன். வாக்ஸ் ஒரு மாதம் கழித்துப் போடலாம்.

மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் மூடியை இறுக்கினால் ரப்பர் வாஷரின் தடம் கிளியரில் பதிந்துவிடும். பெட்ரோல் குழாய் திருகுகிற இடத்து ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றுங்கள். முன்பக்க ரப்பர் புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தடவினால் டேங்க் வழுக்கிக்கொண்டு உட்காரும், இடித்துத் தள்ள வேண்டியிருக்காது. கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றி, அடியில் ஒரு காகிதத்தை விரித்து ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு டேங்கை நிரப்புங்கள். முதல் முறை நிரப்பும்போது வாயைச் சுற்றி ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். டூகே அடித்த டேங்கானாலும் நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன். பம்பில் நிற்பவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.