கப்பல் பயணம்: ஏஜென்டிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறோம். நான், மனைவி, 14 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். கோடை விடுமுறையில் சிங்கப்பூரில் கிளம்பும் மூன்று இரவு சொகுசுக் கப்பலில் போக ஆசை. விளம்பரத்தில் ஆளுக்கு 28,000 ரூபாய் என்கிறார்கள். ஏஜென்ட் சொல்லும் மொத்தத் தொகையோ எங்கேயோ போகிறது. செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: கல்யாணச் சமையல் பேசும்போது இலைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்க மாட்டோம். பரிமாற ஆள், தண்ணீர், பால் எல்லாம் அதற்குள்ளேயா, தனியா என்று கேட்போம் இல்லையா? கப்பலுக்கும் அப்படித்தான். விளம்பர விலை பெரும்பாலும் ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு வரும் கட்டணம். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் தனி. டிப்ஸ் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஏறும்; பல கப்பல்களில் பிள்ளைகளுக்கும் உண்டு. இங்கே பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் வரவாகும், வருமான வரி ரிட்டர்னில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இத்தனையையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து கேபின். நாலு பேர் ஒரே கேபினில் தங்கினால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஜன்னல் இல்லாத உள் கேபினே போதும் என்பேன். மூன்று நாளும் பிள்ளைகள் நீச்சல் குளத்திலும் மேல் தளத்திலும்தான் இருக்கப்போகிறார்கள். தலைசுற்றல் வரும் என்று பயந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு.

உங்களுக்குப் பெரிய மிச்சம் தேதியில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும். அப்போது உள்ளூர்க் குடும்பங்களே கேபின்களை நிரப்பிவிடும், விலையும் ஏறும். நம் பிள்ளைகளுக்கோ மே மாதமே லீவு. ஆகவே மே நடுவில், சனி ஞாயிறு சேராத பயணமாகப் பாருங்கள். இந்த வசதி நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. விமானத்துக்கும் சென்னை வரை போக வேண்டாம். திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு, சுமார் நாலு மணி நேரம். கப்பல் தேதியை உறுதி செய்யுமுன் விமானக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் மிச்சம் பிடித்து மற்றொன்றில் விடக்கூடாது.

கப்பலின் பொது உணவகச் சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். பானங்களுக்கான பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். ஏறியதும் செல்போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் எகிறும்.

ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். என்னிடம் டிக்கெட் போட்ட ஒரு பாபநாசம் குடும்பம், ஒரு நாள் ஓட்டல் வாடகை மிச்சம் என்று கப்பல் கிளம்பும் அன்றே விமானம் ஏறியது. விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அவர்கள் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது செக்-இன் முடிந்துவிட்டது. பணம் திரும்பவில்லை. அந்த அம்மா போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. முந்தின நாளே போய்விடுங்கள். கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்பதையும், பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.