ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாகப் பிரிகிறதா? - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: மேக்கப் போட்டால் முகத்தில் ஒட்டவில்லை, எந்த பிராண்டை வாங்குவது? பிராண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மேக்கப்புக்கு முந்தைய கால் மணி நேரத்தையும், முந்தைய நாள் ராத்திரியையும் பற்றிப் பேசிவிடுவோம்.

கேள்வி: காலை ஏழு மணிக்கு ஃபவுண்டேஷன் போடுகிறேன். பத்து மணிக்குள் மூக்கோரத்திலும் கன்னத்திலும் திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடுகிறது. மூன்று பிராண்டு மாற்றியாகிவிட்டது. தப்பு மேக்கப்பிலா, என் தோலிலா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோலின் மேல்மட்ட அடுக்கு தலைமுடியின் தடிமனைவிட மெலிதானது, முழுக்க இறந்த செல்களால் ஆனது. அதில் போதுமான ஈரம் இருக்கும்வரை செல்கள் படிந்து வழவழப்பாக இருக்கும், ஈரம் குறைந்தால் ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். வெறும் கண்ணுக்கு இது சரியாகத் தெரியாது. ஆனால் மேலே ஃபவுண்டேஷன் போட்டதும் அதன் நிறம் ஒவ்வொரு ஓரத்திலும் போய்த் தங்கி, இல்லாத வறட்சியையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். முகம் கழுவிவிட்டு எதுவுமே தடவாமல் அரை மணி நேரம் இருங்கள். பிறகு ஜன்னல் பக்கம் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு பெரிய சிரிப்பு சிரியுங்கள். கன்னம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால், மூக்கோரம் வெள்ளையாகத் தெரிந்தால், நீங்கள் கழுவும் பொருள்தான் முதல் சந்தேகம். முகத் தோலின் பிஎச் அளவு சுமார் 5, அதாவது லேசான அமிலத்தன்மை. சாதாரண குளியல் சோப்பு 9, 10 வரை போகும், அதாவது காரத்தன்மை. முகத்துக்கும் அதையே தேய்த்துவிட்டு, "நல்லா கிளீனா இருக்கு" என்று நாம் சொல்லும் அந்த இறுக்கம் உண்மையில் தோல் வறண்டுபோனதன் அடையாளம்.

சோப்பை விட்டு மிதமான ஃபேஸ்வாஷுக்கு மாறுங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பே அதிகம். டவலால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், முகம் முழுசாகக் காய்வதற்குள், லேசாக நனைந்திருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. கிளிசரின், ஹயலுரானிக் ஆசிட் மாதிரியானவை தண்ணீரைப் பிடித்து வைக்கும், டைமெத்திகோன் போன்றவை அது ஆவியாகிப் போகாமல் மேலே மூடிவிடும். பிடித்து வைக்க அங்கே தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? ஐந்து நிமிடம் விட்டு சன்ஸ்கிரீன், இன்னொரு பத்து நிமிடம் விட்டு ஃபவுண்டேஷன். அந்த இடைவெளியில் தலை வாருங்கள், துணி இஸ்திரி போடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இதை இரண்டு வாரமாவது செய்து பார்த்துவிட்டு நான்காவது பிராண்டைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு எண்ணெய் வழியும் முகம். அதனால் மாய்ஸ்சரைசரை அடியோடு நிறுத்திவிட்டேன். ஆனாலும் மதியத்துக்குள் காம்பாக்ட் பவுடர் பாளம் பாளமாகிறது. என்ன செய்ய?

எண்ணெய் வேறு, ஈரம் வேறு. மேலே எண்ணெய் மினுங்க, அடியில் ஈரம் இல்லாமல் வறண்ட முகங்கள் நிறைய உண்டு, உங்களுடையதும் அப்படி இருக்கலாம். எவ்வளவு எண்ணெய் சுரக்கிறது என்பதைப் பெரும்பாலும் ஹார்மோனும் பரம்பரையும்தான் தீர்மானிக்கின்றன, ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவியோ க்ரீமை நிறுத்தியோ அதை அடக்க முடியாது. காலை, இரவு, வியர்த்துக் கொட்டிய பிறகு, இந்த மூன்று தடவை கழுவினால் போதும். மாய்ஸ்சரைசரை ஜெல் வகைக்கு மாற்றுங்கள், ஒரு பட்டாணி அளவு. நியாசினமைட் (வைட்டமின் பி3-யின் ஒரு வகை) சேர்ந்தது கிடைத்தால் நல்லது, சில வாரங்களில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் குறைய உதவும்.

பாளம் வருவதற்கு வேறொரு காரணம், எண்ணெய் மேலேயே பவுடர் போடுவது. முதலில் டிஷ்யூவை நெற்றியிலும் மூக்கிலும் வைத்து அழுத்துங்கள், காகிதத்தில் எண்ணெய்க் கறை படிவது தெரியும். அதை எடுத்த பிறகுதான் பவுடர், அதுவும் தேவையான இடத்தில் மட்டும்.

கேள்வி: ஃபவுண்டேஷனைத் தேய்க்கத் தேய்க்க ரப்பர் துகள் மாதிரி உருண்டு உருண்டு வருகிறது. அழுக்கா?

அழுக்கு இல்லை. பென்சில் எழுத்தை அழித்தால் வருமே, அதே மாதிரி சின்னச் சின்னத் திரிகளாக விரலடியில் சுருண்டு வரும், எனக்கும் வந்திருக்கிறது. டோனர், சீரம், க்ரீம், சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பிரைமர் என்று ஒன்று காய்வதற்குள் அடுத்ததைப் போட்டு அதன்மேல் தேய்க்கும்போது, மேலே படிந்த படலம் பிய்ந்து உருள்கிறது. காலையில் சீரத்தை விட்டுவிடுங்கள், அது ராத்திரி வேலை. எல்லாவற்றிலும் அளவைப் பாதியாக்குங்கள், சன்ஸ்கிரீன் மட்டும் விதிவிலக்கு. ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். அப்படியும் உருண்டால் அந்தச் சன்ஸ்கிரீனும் பிரைமரும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இரண்டையும் புறங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: என் ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் 30 இருக்கிறது. தனியாக சன்ஸ்கிரீன் வேண்டுமா?

வேண்டும். எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் எண். ஆய்வகத்தில் அதைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்குக்கு ஃபவுண்டேஷனைப் பூசினால் முகம் சுவர் மாதிரி ஆகிவிடும், யாரும் அவ்வளவு போடுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் சன்ஸ்கிரீனைப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம் யுவிபி கதிர்களை, அதாவது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் வெயில் கதிர்களைத் தடுக்கிறது, எஸ்பிஎஃப் 50 சுமார் 98 சதவீதம். அதனால் பெரிய எண்ணைத் தேடுவதைவிட தேவையான அளவு போடுவதில் கவனம் வையுங்கள். வெளியிலேயே இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் போட வேண்டும்.

கேள்வி: ஐஸ் தேய்த்தால் முகத் துளைகள் மூடுமா?

மூடாது. திறந்து மூட அங்கே தசையே கிடையாது. சாலிசிலிக் ஆசிட் துளைக்குள் இறங்கி அடைப்பை எடுக்கும், அப்போது சின்னதாகத் தெரியும்.

கேள்வி: சனிக்கிழமை ஒரு விசேஷம். வெள்ளி ராத்திரி நன்றாக ஸ்க்ரப் செய்து, புதிதாக வாங்கிய பீலிங் சீரமும் போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். என் தோழி ஒருத்தி இதையேதான் செய்தாள். காலையில் கன்னமெல்லாம் சிவந்து, கன்சீலர் பட்டாலே எரிகிறது என்று அழுதாள், பவுடர்கூடப் போட முடியாமல்தான் அன்றைக்குக் கிளம்பினாள். அவள் முகத்தில் மேக்கப் போட உட்கார்ந்தவள் நான் என்பதால் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இறந்த செல்களை எடுப்பதை நான்கைந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள், அதுவும் ஏற்கெனவே பழகிய பொருளால். ஸ்க்ரப், பீலிங் சீரத்தில் இருக்கும் ஆசிட், இரண்டில் ஒன்று போதும், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கிளைகாலிக் ஆசிட் போன்றவை வெயிலில் தோல் சீக்கிரம் பாதிக்கப்படும்படி செய்யும், மறுநாள் சன்ஸ்கிரீன் கட்டாயம். புதிய சீரத்தை முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு வாரம் தினமும் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு வாருங்கள். முந்தின நாள் ராத்திரிக்கு மாய்ஸ்சரைசரும் தூக்கமும் போதும்.

கேள்வி: லிப்ஸ்டிக் உதட்டு வெடிப்பில் போய் உட்காருகிறது.

உதட்டை நாக்கால் ஈரப்படுத்தும் பழக்கம் இருந்தால் விடுங்கள், எச்சில் காயும்போது இன்னும் வறளும். படுக்கும்முன் பெட்ரோலியம் ஜெல்லி. காலையில் மேக்கப்பை ஆரம்பிக்கும்போதே கொஞ்சம் தடவிவிட்டு, கடைசியில் டிஷ்யூவால் துடைத்துவிட்டு லிப்ஸ்டிக் போடுங்கள். தோலை மட்டும் பிய்க்காதீர்கள்.

கேள்வி: ராத்திரி களைப்பில் ஃபேஸ்வாஷ் போட்டுப் படுத்துவிடுகிறேன். மேக்கப் போய்விடும்தானே?

தண்ணீரில் கரையாத மேக்கப் ஃபேஸ்வாஷில் முழுசாகப் போகாது. கழுவிய முகத்தில் ஈரப் பஞ்சை ஒரு இழு இழுத்துப் பாருங்கள், நிறம் வந்தால் மிச்சம் இருக்கிறது. முதலில் க்ளென்சிங் ஆயிலையோ பாமையோ காய்ந்த முகத்தில் தடவி, தண்ணீர் தொட்டுக் கரைத்துக் கழுவி, அதற்குப் பிறகு ஃபேஸ்வாஷ். கண்மைக்கு ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் இருபது விநாடி வைத்திருங்கள், தானாக இளகும், தேய்க்கத் தேவையே இருக்காது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன், மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபவுண்டேஷன் பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் வாரம் ஒரு முறை மிதமான ஷாம்பூவில் கழுவுங்கள், நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். ஈரப் பிரஷ்ஷை டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கிப் பசை விட்டு முடி உதிரும், அதனால் மேசை ஓரத்தில் படுக்க வைத்துக் காயவிடுங்கள்.