கவர் வேறு, மறைவு வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டி அண்ட் டி (டைஸ் உருட்டிக் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) சண்டையில் கவர் (அடியைத் தடுக்கும் அரண்) எடுப்பதையும் ஒளிவதையும் பற்றியவை. எந்தப் பதிப்பு ஆடுகிறீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள் என்று போன தடவையும் கேட்டிருந்தேன். ஒளிவதில் 2014 விதியும் 2024 விதியும் ஒன்றல்ல.

பீனிக்ஸ் வாசகர்: நான் எய்யும் வழியில் எங்கள் ஃபைட்டர் (போர்வீரன்) நிற்கிறான். எதிரிக்குக் கவர் உண்டா?

உண்டு. அரை கவர், ஏசிக்கு (அடி பட எதிராளி எட்ட வேண்டிய எண்) +2. நடுவில் நிற்பவன் உங்கள் ஆளாக இருந்தாலும் அதேதான். ஷார்ப்ஷூட்டர் ஃபீட் (கவரை மீறி எய்யும் தனித்திறன்) வைத்திருந்தால் கவலை இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: குட்டைச் சுவர் +2, முன்னால் நிற்கும் ஆள் +2. ஆக மொத்தம் +4 சரிதானே?

இல்லை. கவரைக் கூட்டக் கூடாது. இருப்பதில் பெரியது எதுவோ அது மட்டும்.

டொங்காட் வாசகி: எங்கள் கதை கரும்புத் தோட்டத்தில் நடக்கிறது. கரும்புக்குள் நிற்பவனுக்கு முக்கால் கவர் கொடுத்து ஏசியில் +5 போட்டேன். சரியா?

கதைக்கு நல்ல இடம் பிடித்திருக்கிறீர்கள். 1860இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர் வெட்டிய கரும்பு அது. ஆனால் விதி தவறு. கவர் என்பது அடியைத் தடுப்பது: கல்சுவர், பருத்த அடிமரம், கோட்டைச் சுவரில் அம்பு விடும் துளை. கரும்புத் தோகை கண்ணை மறைக்கும், அம்பை நிறுத்தாது. ஆளுயரம் வளர்ந்த அடர்ந்த கரும்பை முழு மறைவாக வையுங்கள். உள்ளே பார்ப்பவனுக்கு அந்த இடத்தைப் பொறுத்தவரை கண் தெரியாது, அதனால் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு டைஸ் உருட்டிச் சிறியதை எடுப்பது) எய்ய வேண்டும். உள்ளே இருப்பவனுக்கும் வெளியே தெரியவில்லை என்றால், எய்பவனை அவன் காணாததால் வரும் அட்வான்டேஜும் (பெரியதை எடுப்பது) டிஸ்அட்வான்டேஜும் அடிபட்டு, சாதாரண ஒற்றை டைஸ்தான். ஏசியில் கை வைக்காதீர்கள்.

பெயர், ஊர் எழுதாத வாசகர்: என் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்) ஒளிந்தான். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒப்புக்கொள்ளவில்லை. யார் பக்கம் நியாயம்?

தம்பி, எங்கே ஒளிந்தான்? எதிரி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்? எந்தப் பதிப்பு? மூன்றில் ஒன்றாவது எழுதியிருக்கலாம். 2014 விதியில், உன்னைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருப்பவனிடமிருந்து ஒளிய முடியாது. 2024 விதியில் முழு மறைவோ, முக்கால் அல்லது முழுக் கவரோ வேண்டும், எந்த எதிரியின் கண்ணிலும் படக் கூடாது, அதற்கு மேல் டைஸோடு ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) கூட்டி 15 வர வேண்டும். வெட்டவெளியில் நின்று 20 போட்டாலும் பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். இடத்தைச் சொல்லிவிட்டு டைஸை எடு.

லெனேசியா வாசகர்: எங்கள் ஐந்து பேருக்கும் டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் கண்) இருக்கிறது. ஆனாலும் இருட்டில் பாஸிவ் பெர்செப்ஷனில் (டைஸ் உருட்டாமலே கவனிக்கும் அளவு) 5 குறைக்கிறார் டிஎம். இது அநியாயம் இல்லையா?

உங்கள் டிஎம்முக்கு என் வணக்கம். இதைச் சரியாகச் செய்கிற மேசையைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. டார்க்விஷன் இருட்டைப் பகலாக்குவதில்லை. கும்மிருட்டை மங்கல் வெளிச்சமாக்கும், அவ்வளவுதான். மங்கல் வெளிச்சம் என்றால் இலேசான மறைவு. கண்ணால் கவனிக்கும் பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ், பாஸிவில் அது 5 குறைவு. இரண்டு பதிப்பிலும் இப்படித்தான்.

மங்கல் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று லோட் ஷெட்டிங் பார்த்த நமக்கா சொல்லித் தர வேண்டும்? ஓர் இரவு சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு மெழுகுவத்தி. நடையின் கோடியில் என் மகன் நிற்கிறான் என்று நினைத்துப் பெயர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டேன். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு அது. பத்தடி கூட இருக்காது. விதியிலும் மெழுகுவத்திக்கு ஐந்தடி நல்ல வெளிச்சம், அடுத்த ஐந்தடி மங்கல்.

இதை மறப்பதால் யாருக்கு நஷ்டம்? ஒளிகிற ஆட்டக்காரருக்குத்தான். 2014 காப்ளினை (குட்டி அரக்கன்) எடுத்துக்கொள்ளுங்கள். பாஸிவ் பெர்செப்ஷன் 9. தீப்பந்தம் இல்லாத குகையில் காவல் நிற்கும்போது அது 4. ஸ்டெல்த் +5 உள்ள ரோக்குக்கு டைஸில் 1 விழுந்தாலும் 6 ஆயிற்று. அவன் சத்தமில்லாமல் கடந்து போக வேண்டிய இடத்தில், “காப்ளினுக்கு டார்க்விஷன் இருக்கிறது, பார்த்துவிட்டது” என்று சொல்லும் டிஎம்களை எத்தனை பேரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்! அந்தப் பிள்ளை முதல் லெவலிலிருந்து ஸ்டெல்த்துக்கென்றே வளர்த்த ஆள் அது. ஒரு வாக்கியத்தில் பாழாய்ப் போகிறது. எனக்கு ஆறவே ஆறாத வருத்தம் இது.

உங்கள் ஐவருக்கும் அதே கணக்குதான். ஒருவராவது தீப்பந்தம் பிடியுங்கள்: இருபதடி நல்ல வெளிச்சம், மேலும் இருபதடி மங்கல். வருவது எதிரிக்குத் தெரியும், ஆனால் காலடியில் கட்டிய கயிறும் உங்களுக்குத் தெரியும்.

டர்பன் வாசகர்: இன்விசிபிள் (கண்ணுக்குத் தெரியாதவன்) ஆனபின் நான் எங்கே நிற்கிறேன் என்று எதிரிக்கு எப்படித் தெரியும்?

காலடிச் சத்தமும் தடமும் காட்டிக்கொடுக்கும். 2014 விதியில் ஆளைக் காணாமல் போவது வேறு, இடம் தெரியாமல் போவது வேறு. இரண்டாவதற்கு ஹைட் ஆக்ஷன் (ஒளியும் செயல்) எடுக்க வேண்டும். எடுக்காதவரை வரைபடத்தில் நீங்கள் நிற்கும் கட்டத்தை நோக்கி அவன் தாராளமாக வாள் வீசலாம், டிஸ்அட்வான்டேஜோடு.

ஷால்கிராஸ் வாசகி: அரை கவரா முக்கால் கவரா என்று ஒவ்வொரு சண்டையிலும் அரை மணி நேரம் வாக்குவாதம். வழி உண்டா?

ஒரு முழம் கறுப்புத் தையல் நூல் போதும். எய்பவர் கட்டத்தின் ஏதாவது ஒரு மூலையில் (எது என்று அவரே தேர்ந்துகொள்ளட்டும்) நூலின் நுனியை விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறு நுனியை எதிரி நிற்கும் கட்டத்தின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு முறை நூல் தூணிலோ சுவரிலோ இடித்தால் அரை கவர். மூன்று நான்கு முறை இடித்தும் அம்பு போக வழி இருந்தால் முக்கால், +5. 2014 டிஎம் புத்தகத்தில் உள்ள முறைதான் இது. நூலை எப்போதும் டைஸ் பையிலேயே போட்டு வையுங்கள். வாக்குவாதம் தொடங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.