ஸ்க்ரப்ஸ் தைக்க எந்தத் துணி வாங்குவது?

கேள்வி: என் மகள் ஹவுஸ் சர்ஜனாகப் பணியில் சேரவிருக்கிறாள். கடையில் விற்கும் ஸ்க்ரப்ஸ் (மருத்துவமனைப் பணியில் அணியும் மேல்சட்டையும் பேன்ட்டும்) தோளுக்குப் பொருந்தினால் இடுப்புக்குப் பொருந்துவதில்லை. எனக்குத் தையல் நன்றாகத் தெரியும் என்பதால் நானே தைத்துக் கொடுக்க நினைக்கிறேன். சுத்தமான காட்டன் வாங்குவதா, டெரிகாட்டன் வாங்குவதா, இப்போது பலரும் அணியும் ஸ்ட்ரெட்ச் துணி வாங்குவதா? கடையில் எதைப் பார்த்து முடிவு செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: பருத்தி மிகுந்த கலப்புத் துணியை வாங்குங்கள். துணி வியாபாரத்தில் இதைச் சி.வி.சி. என்பார்கள், பெரும்பாலும் பருத்தி 60 விழுக்காடும் பாலியஸ்டர் 40 விழுக்காடுமாக இருக்கும். சாதாரணமாக டெரிகாட்டன் என்று கேட்டால் பாலியஸ்டர் 65, பருத்தி 35 என்ற கலவையைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதுவும் உழைக்கும், கசங்காது. ஆனால் திருச்சி வெயிலில், குளிரூட்டாத வார்டில் நாள் முழுக்க நிற்பவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதோடு, வியர்வையிலுள்ள எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்வதால், துவைத்த பிறகும் அக்குளில் வாடை தங்கிவிடும். சுத்தமான பருத்தி உடலுக்கு இதம்தான் என்றாலும், ஒவ்வொரு முறை அணிந்த பிறகும் துவைத்தாக வேண்டிய உடைக்கு அது ஏற்றதல்ல. சுருங்கும், வெளிறும், தினமும் இஸ்திரி கேட்கும், ஐப்பசி மழையில் ஒரே இரவில் காயாது. ரேயான் பக்கமே போகாதீர்கள். நனைந்த நிலையில் அதன் வலு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

கலவைக்கு அடுத்தது எடை. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்வதுதான் ஜிஎஸ்எம். ஸ்க்ரப்ஸுக்கு 150 முதல் 180 வரை சரியாக இருக்கும். சட்டைக்கு வாங்கும் பாப்ளின் பெரும்பாலும் 110, 120 அளவில்தான் இருக்கும் என்பதால் வெளிர் நிறத்தில் உள்ளாடை தெரியும், பேனாவும் கைப்பேசியும் போட்டால் பை தொங்கும். 200க்கு மேற்பட்ட டிரில் துணியோ நம் ஊர் வெப்பத்துக்குப் பாரம். கடைக்காரர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாமல் நீங்களே சரிபார்க்கலாம். மாதிரித் துணி கேட்டு வாங்கி, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நகை எடை போடும் சிறிய தராசில் வையுங்கள், 1.6 கிராம் காட்டினால் அது 160 ஜிஎஸ்எம். 58 அங்குல அகலத் துணியென்றால், 150 ஜிஎஸ்எம் துணியின் ஒரு மீட்டர் ஏறக்குறைய 220 கிராம் இருக்க வேண்டும்.

நெசவில், சாய்வுக் கோடுகள் தெரியும் ட்வில் ரகத்தை எடுங்கள். அதே எடையுள்ள சாதா நெசவைக் காட்டிலும் மென்மையாக விழும், குறைவாகக் கசங்கும். துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுகப் பிடித்துச் சிறிது நேரம் கழித்து விடுங்கள். சுருக்கம் அப்படியே நின்றால் வேண்டாம். கலவையில் ஐயம் இருந்தால் மாதிரியிலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியபின் நசுங்காத கருமணியாகும். கலப்பு நூல் எரிந்த பின் சாம்பலுக்குள் சிறு கடினத் துகள்கள் விரலில் தட்டுப்படும்.

சாயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேய்த்து, கைக்குட்டையில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். வேட் சாயம் (vat dye, நீரில் கரையாத நிலையில் இழைக்குள் தங்கும் சாயம்) போட்ட துணி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். வழக்கமாகப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் பல குளோரினில் வெளுத்துவிடும், வேட் சாயம் தாங்கும். அதற்காகத் தாராளமாக ப்ளீச்சிங் திரவம் ஊற்றலாம் என்று பொருளில்லை. வார்டில் கை சுத்தம் செய்யவும் தோலைத் துடைக்கவும் பயன்படும் குளோர்ஹெக்சிடின் உடையில் தெறித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளியின்மேல் குளோரின் ப்ளீச் பட்டால் எளிதில் போகாத பழுப்புக் கறை விழும். அவ்வகைத் துணிக்கு ஆக்சிஜன் வகை வெளுப்பான்தான் பொருத்தம். இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டுத்தான் வெந்நீருக்குப் போக வேண்டும்; வெந்நீர் முதலில் பட்டால் கறை இழையில் இறுகிவிடும். பிரிட்டன் மருத்துவமனைச் சலவை நெறிமுறை 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்ற அளவைச் சொல்கிறது. வீட்டில் அவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாவிட்டாலும், 60 டிகிரி வெந்நீரைத் தாங்காத துணியை ஸ்க்ரப்ஸுக்கு வாங்குவதில் பயனில்லை.

அந்த இடத்தில்தான் ஸ்ட்ரெட்ச் துணி தடுமாறுகிறது. கடையில் விற்பது பெரும்பாலும் பாலியஸ்டர், ரேயான், ஸ்பான்டெக்ஸ் (ரப்பர்போல் இழுபடும் இழை) கலவை. குனிந்து நிமிர வசதியானது, பார்க்கவும் அழகு. ஆனால் குளோரினும் தொடர்ந்த வெப்பமும் ஸ்பான்டெக்ஸ் இழையைக் கெடுக்கும் என்பதால் முழங்கால் பகுதி நாளடைவில் தொளதொளத்துவிடும். அதைத் தைக்கத் தனி ஊசியும் வேண்டும். மகள் விரும்பினால் ஒரு செட் மட்டும் அதில் தையுங்கள்.

நடுத்தர உடல்வாகுக்கு மேல்சட்டையும் பேன்ட்டும் சேர்த்து 58 அங்குல அகலத்தில் ஏறக்குறைய 3 மீட்டர், 44 அங்குலத்தில் 4 மீட்டருக்கு மேல் தேவைப்படும். எத்தனை செட் என்று முடிவு செய்து ஒரே தானிலிருந்து வாங்குங்கள். அடுத்த தானில் நிறம் சற்று மாறலாம். வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், ஊசி 14 எண்.

வாங்குமுன் கல்லூரியில் நிற விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த உடை இரத்தத்தையோ நீரையோ தடுக்காது. அதற்கு மேலே அணியும் ஏப்ரனும் கவுனும் வேறு. அறுவை அரங்குக்கு மருத்துவமனை தன் சலவையகத்தில் வெளுத்துத் தரும் உடையைத்தான் அணிய வேண்டும். நீங்கள் தைப்பது வார்டுக்கும் வெளிநோயாளர் பிரிவுக்கும் மட்டுமே.